கேள்வி–பதில்: அரசு கல்லாவை விட்டு இறங்கினால் அலமாரியில் என்ன நிற்கும்?

சென்ற இதழில் டோங்காட் வாசகர் ஒருவர், "அரசாங்கம் மது விற்பனையைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் நினைத்த சரக்கு நினைத்த இடத்தில் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார். "கடை நிச்சயம் பெருகும், சரக்கு பெருகுமா என்பது கிட்டங்கிச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது" என்று இரண்டு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அது போதவில்லை என்று நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிய பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கோயில் விழா பற்றியும் ஓய்வூதியம் பற்றியும் கேட்டிருந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"என் மகன் கனடாவின் கால்கரி நகரில் இருக்கிறான். தனியார் கடைகளில் உலகத்துச் சரக்கெல்லாம் கிடைக்கிறது என்கிறான். அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் என் தங்கை மகளோ, அங்கே தனியாருக்குக் கொடுத்தபின் விலைதான் ஏறியது என்கிறாள். யார் சொல்வது சரி?" — பீனிக்ஸ் வாசகர்

இருவர் சொல்வதும் சரிதான். இரண்டு ஊரிலும் நடந்ததைத் தனியார்மயம் என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ரால்ஃப் க்ளைன் முதல்வராக இருந்த 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில், அரசு தன் மதுக்கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. அடுத்த சில மாதங்களுக்குள் சுமார் இருநூறு அரசுக் கடைகளும் மூடப்பட்டன. இன்று அங்கே கடைகளின் எண்ணிக்கை 1,500-ஐ ஒட்டி நிற்கிறது. பதிவான சரக்கு வகைகள் 30,000-ஐத் தாண்டிவிட்டன. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆல்பர்ட்டா அரசு விட்டுக்கொடுத்தது சில்லறை விற்பனையை மட்டும்தான். மொத்த விற்பனை இன்றும் அரசு ஆணையத்தின் பெயரில்தான் நடக்கிறது. ஒரு சரக்கை யார் இறக்குமதி செய்தாலும் அது ஆணையத்தின் ஏற்பாட்டில் இயங்கும் பொதுக் கிட்டங்கிக்கு வந்து, அங்கிருந்து எந்தக் கடைக்காரர் கேட்டாலும் ஒரே மொத்த விலைக்குப் போகிறது. பத்துப் பெட்டி வாங்கும் மூலைக் கடைக்கும் ஆயிரம் பெட்டி வாங்கும் சங்கிலிக் கடைக்கும் பெட்டியின் விலை ஒன்றே. அப்படி இருப்பதால்தான், ஸ்காட்லாந்தின் ஏதோ ஒரு சிறு வடிசாலையின் விஸ்கியை மட்டும் நம்பி ஒருவர் கடை வைக்க முடிகிறது. அதே சமயம், முப்பதாயிரம் என்பது பட்டியலில் இருக்கும் எண்ணிக்கை என்பதையும் மறக்கக்கூடாது. எந்த ஒரு கடையின் அலமாரியிலும் அதில் சிறு பங்குதான் நிற்கும். உங்கள் மகன் நல்ல கடைகள் நிறைந்த பெருநகரத்தில் இருக்கிறான். இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கோதுமை ஊரில் இருந்தால் அவன் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் கதை வேறு. அங்கே பீரும் வைனும் முன்பே மளிகைக் கடைகளில் கிடைத்தன. பிராந்தி, விஸ்கி, ஜின் போன்ற வடித்தெடுத்த மதுவகைகள்தாம் அரசின் கையில் இருந்தன. 2011 நவம்பரில் 1183 என்ற எண்ணுடைய மக்கள் முன்மொழிவு வாக்கெடுப்பில் வென்றது; காஸ்ட்கோ என்ற பெருவணிக நிறுவனம் அதற்காக இரண்டு கோடி டாலருக்கும் மேல் செலவு செய்திருந்தது. 2012 ஜூன் முதல் தேதி தனியார் விற்பனை தொடங்கியது. அதற்கு முன் 328 கடைகளில் மட்டும் கிடைத்த சரக்கு, சில மாதங்களிலேயே 1,400 இடங்களுக்கு மேல் கிடைக்கலாயிற்று. ஆனால் அங்கே அரசு சில்லறையோடு மொத்த விற்பனையையும் சேர்த்தே விட்டுவிட்டது. விட்ட இடத்தில் தன் வருமானம் குறையாமல் இருக்க மொத்த வியாபாரிமேல் 10 சதவீதமும் சில்லறை வியாபாரிமேல் 17 சதவீதமும் கட்டணம் போட்டது. பழைய வரிகளும் அப்படியே நின்றன.

ஒரு பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் உங்கள் தங்கை மகளின் ஆதங்கம் விளங்கும். 750 மில்லி விஸ்கி ஒன்றின்மேல் 20 டாலர் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் அதன்மேல் 20.5 சதவீத விற்பனை வரி, அதாவது 4.10 டாலர். லிட்டருக்கு 3.77 டாலர் வீதம் இன்னொரு வரி; முக்கால் லிட்டருக்கு அது 2.83 டாலர். கொடுக்க வேண்டியது 26.93 டாலர். அரசுக் கடையில் சீட்டிலேயே எல்லாம் சேர்ந்திருந்தது. தனியார் கடையில் சீட்டைப் பார்த்து எடுத்து, கல்லாவில் திகைத்தார்கள். எல்லைக்கு அருகில் இருந்தவர்கள் காரை எடுத்துக்கொண்டு ஆரிகன் மாநிலத்துக்குப் போய் வாங்கி வந்தார்கள். அங்கே விலை வைப்பது இன்றும் அரசுதான்.

"பீரும் பிராந்தியும் ஒரே பாட்டில் ஸ்டோரில்தான் விற்கின்றன. தனியார்மயம் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" — சாட்ஸ்வர்த் வாசகர்

உங்கள் பக்கத்துப் பாட்டில் ஸ்டோருக்கு வெள்ளிக்கிழமை காலையில் போய் நின்று பாருங்கள். கடைக்குப் பின்புறம் லாரி வந்து நிற்கும். பன்னிரண்டு குவார்ட், அதாவது 750 மில்லி பீர் பாட்டில்கள், அடங்கிய கிரேட்டுகளை இருவர் மாற்றி மாற்றி இறக்குவார்கள். இறக்கிய இடத்தில் காலிப் பாட்டில் கிரேட்டுகளை ஏற்றுவார்கள். ஒரு கிரேட்டில் ஒன்பது லிட்டர் பீர். அதில் 5 சதவீதம் சாராயம் (ஆல்கஹால்) என்றால், அவ்வளவு கனத்தையும் தூக்கிக் கிடைப்பது அரை லிட்டருக்கும் குறைவான சாராயம். 43 சதவீதம் உள்ள பிராந்தியில் ஒன்றரைப் பாட்டிலுக்குள் அந்த அளவு அடங்கிவிடும். ஒருவர் அதைக் கோட்டுப் பையிலேயே கொண்டு போய்விடலாம்.

மற்றதெல்லாம் இந்தக் கனத்திலிருந்தே பிறக்கிறது. கனமான, விலை குறைந்த, வெயிலும் நாட்களும் ஆகாத, குளிர்ந்தே விற்க வேண்டிய பண்டத்தை மக்கள் தொலைவிலிருந்து சுமந்து வரமாட்டார்கள். ஆகவே விற்கும் இடங்கள் பெருகினால் முதலில் பயன் தெரிவது பீரில்தான். பிராந்தியும் விஸ்கியும் அலமாரியில் பத்து வருடம் நின்றாலும் கெடாது, இடமும் அடைக்காது. ஆகவே அவற்றில் கடைகளின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கடையிலும் எத்தனை விதம் நிற்கிறது என்பதே வாங்குபவருக்கு முக்கியம். விதம் என்பது மொத்த வியாபாரியின் பட்டியலைப் பொறுத்தது. பீர் விஷயத்தில் மொத்த வியாபாரி பெரும்பாலும் பீர் ஆலையேதான்.

நம் நாட்டில் சில்லறைக் கடைகள் ஆயிரக்கணக்கில் தனியாரிடம் இருந்தும், 1895-இல் தொடங்கிய சவுத் ஆப்பிரிக்கன் புரூவரீஸ் என்ற ஒரே பீர் ஆலை நிறுவனம் இத்தனை காலம் சந்தையின் பெரும்பங்கைக் கட்டி ஆண்டது எப்படி என்று கேட்டால், அதன் லாரியும் டிப்போவும் குளிர்பெட்டியும் போகாத தெரு இல்லை என்பதே விடை. 2016-இல் அது பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நிறுவனத்தோடு இணைந்த பிறகும் லாரி அதே தெருவில்தான் வருகிறது. சிறு ஆலைக்காரர் ஒருவர் அருமையான பீர் காய்ச்சலாம். அதைக் குளிர்பெட்டியில் வைக்க இடம் வேண்டுமே. மின்வெட்டு நேரத்தில் குளிர்பெட்டியே அணைந்துவிட்டால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும் கடைக்காரர் எந்தப் பீருக்கு முதலிடம் தருவார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வரியும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. விலையில் கலால் வரியின் பங்கு வைனுக்கு 11, பீருக்கு 23, வடித்தெடுத்த மதுவுக்கு 36 சதவீதம் என்ற இலக்கை நம் நிதித்துறை பல ஆண்டுகள் வைத்திருந்தது. இதற்குமேல் மதிப்புக் கூட்டு வரி. கடையை யார் நடத்தினாலும் கரும்பு ஸ்பிரிட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அரசின் கைக்குப் போகத்தான் செய்யும்.

"ஸ்டாங்கரில் முப்பது வருடமாகச் சிறிய பாட்டில் ஸ்டோர் நடத்துகிறேன். அரசு விலகினால் என் போன்றவர்களுக்கு வாழ்வு என்கிறார்கள். உண்மையா?"

வாஷிங்டன் மாநிலத்துக்கே மறுபடியும் போவோம், ஐயா. தன் கைவசம் இருந்த 167 கடைகளை நடத்தும் உரிமையை அரசு 2012-இல் ஏலம் விட்டது. சிறுமுதலாளிகளும் குடும்பங்களும் சேமிப்பைத் திரட்டி எடுத்தார்கள். மொத்த ஏலத்தொகை மூன்று கோடி டாலருக்குச் சற்று மேல். புதிதாகக் கடை திறப்பவர் பத்தாயிரம் சதுர அடிக்குக் குறையாத இடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால், பழைய அரசுக் கடையை எடுத்தவர்களுக்குப் போட்டியே இராது என்று தோன்றியது. நடந்தது நேர்மாறு. பத்தாயிரம் சதுர அடி யாரிடம் இருக்கும்? பேரங்காடிகளிடம்தானே இருக்கும். அவர்கள் ரொட்டிக்கும் பாலுக்கும் வரும் கூட்டத்திடம் விஸ்கியையும் விற்றார்கள். சிறு கடைக்காரரில் பலர் ஓரிரு ஆண்டுகளில் கதவைச் சாத்தினர். அரசுக் கடைகளில் வேலை பார்த்த தொள்ளாயிரம் பேருக்குமேல் அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

ஆல்பர்ட்டாவிலும் சங்கிலிக் கடைகள் வளர்ந்தன. ஆனால் மேலே சொன்ன ஒரே மொத்த விலை என்ற ஏற்பாட்டால் சிறு கடைகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. உங்களுக்கு வாழ்வா சாவா என்பது உரிமத்தின் அடிக்குறிப்பில் இருக்கிறது. எத்தனை சதுர அடி, எந்த விலைப்பட்டியல், கடன் எத்தனை நாள் என்ற மூன்றையும் படித்துவிட்டு மகிழுங்கள்.

"பேரங்காடியில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைன் மட்டும் இருக்கிறதே, பிராந்தி ஏன் இல்லை?" — லெனேசியா வாசகர்

மளிகைக் கடைக்குக் கிடைக்கும் உரிமம் வைனுக்கு மட்டுமானது. பீரும் பிராந்தியும் விற்க அதே நிறுவனம் தனி உரிமம் எடுத்து, தனி வாசல் வைத்துப் பக்கத்திலேயே வேறு கடை திறக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் மதுச் சட்டப்படி உற்பத்தியும் விநியோகமும் மத்திய அரசின் பார்வையில், சில்லறை உரிமம் மாகாணத்தின் கையில்.

"இங்கே எப்போதாவது அரசே மது விற்றதுண்டா? என் தகப்பனார் டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர். நகராட்சி பீர் ஹால் என்று ஏதோ சொல்வார்." — மெர்பேங்க் வாசகர்

உங்கள் தகப்பனார் சொன்னது உண்மை. உலகத்தில் மது விற்பனையை அரசு கையில் எடுத்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் சுவீடனையும் கனடாவையும் சொல்வார்கள். டர்பனைச் சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் ஆட்சியே காய்ச்சி ஆட்சியே விற்ற முறைக்கு 'டர்பன் முறை' என்றே பெயர் இருந்தது.

நேட்டால் சட்டமன்றம் 1908-இல் இயற்றிய சட்டத்தின்படி, ஆப்பிரிக்க மக்கள் குடிக்கும் சோள பீரைக் காய்ச்சவும் விற்கவும் டர்பன் நகராட்சி தனியுரிமை எடுத்துக்கொண்டது. உட்ஷ்வாலா என்று சூலு மொழியில் சொல்லப்படும் அந்தப் பீரை வீட்டில் காய்ச்சுவது பெண்களின் வேலை. கணவன் துறைமுகத்தில் உழைக்க, மனைவி பானையில் சோளம் ஊறப்போட்டுச் சில காசு பார்ப்பாள். தனியுரிமை வந்ததும் அது குற்றமாயிற்று. ஆண்கள் நகராட்சி பீர் ஹாலில் நீண்ட பெஞ்சில் உட்கார்ந்து நகராட்சி பீரைக் குடிக்க வேண்டும்; அந்த லாபத்திலிருந்து அவர்களையே அடைத்து வைக்கும் தொழிலாளர் விடுதிகளையும் நிர்வாகத்தையும் நடத்துவார்கள். வெள்ளையர் செலவில்லாமல் கறுப்பரை ஆளும் வழி என்று இதைக் கண்டுகொண்ட பிற நகரங்களும், 1923-ஆம் ஆண்டின் நகர்ப்புறச் சட்டத்துக்குப் பிறகு இதைப் பின்பற்றின. அதே காலத்தில் வெள்ளையருக்கு விஸ்கியும் பீரும் உரிமம் பெற்ற தனியார் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. ஆப்பிரிக்கர்கள் அவற்றைச் சட்டப்படி கடையில் வாங்க 1962 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் இருந்தன; அவற்றைத் தாண்டப் பின்வாசல்களும் இருந்தன என்று உங்கள் தகப்பனார் சொல்லியிருப்பாரே.

கட்டுப்பாட்டால் குடி குறைந்ததா? கேட்டோ மேனரில் நம்மவர் நிலத்தில் வாடகைக்கு எழுந்த தகரக் குடிசைகளில் சர்க்கரைப் பாகைப் புளிக்கவைத்து ஷிமெயானா என்ற கடுஞ்சரக்கைப் பெண்கள் காய்ச்சினார்கள். போலீஸ் வந்து தரையைத் தோண்டிப் பீப்பாய்களைக் கவிழ்த்தது. 1929-இல் பீர் ஹால்களைப் புறக்கணித்துக் கலவரமே வெடித்தது. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் தடியோடு பீர் ஹாலுக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களை அடித்து விரட்டிப் பீரைத் தரையில் கொட்டினார்கள். எங்கள் பீரைக் குற்றம் என்று சொல்லிவிட்டு உங்கள் பீரை எங்கள் வீட்டு ஆண்களுக்கு விற்கிறீர்களே என்பதே அவர்களின் வழக்கு. 1976-இல் இனவெறி ஆட்சியை எதிர்த்து எழுந்த சொவேட்டோ மாணவர்கள் கொளுத்தியவற்றில் அரசு பீர் ஹால்களும் மதுக்கடைகளும் முன்வரிசையில் இருந்தன.

அந்தத் தனியுரிமை கடைசியில் எப்படிக் கலைந்தது என்பதுதான் இந்தப் பகுதிக்கு வேண்டிய செய்தி. 1990-இல் அரசு தன் சோள பீர் ஆலைகளை நேஷனல் சோர்கம் புரூவரீஸ் என்ற ஒரே நிறுவனமாக்கி, அதன் பங்குகளைக் கறுப்பின மக்களுக்கு விற்றது. சில ஆண்டுகளில் பெங்களூருக்காரரான விஜய் மல்லையாவின் குழுமம் உள்ளே வந்தது. பின்னர் பிரிட்டனின் டியாஜியோ. அதன்பின் ஜிம்பாப்வேயின் டெல்டா. உரிமையாளர்கள் இப்படிக் கை மாறிக்கொண்டிருந்த முப்பது ஆண்டுகளில் சோள பீர் என்ன ஆயிற்று? அது அட்டைப்பெட்டியில் அடைத்த பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும் பண்டம். மூடியில் காற்றுப்போக வழி விட்டுத்தான் அடைப்பார்கள். சில நாட்களில் புளித்துப்போகும். அதைக் குடிப்பவரை வேறு சரக்கு பக்கமே போகவிடாமல் வைத்திருந்தது பீர் ஹாலின் சுவர். சுவர் விழுந்ததும் அவர் தெளிந்த பீருக்கும் கரும்பு ஸ்பிரிட்டுக்கும் போய்விட்டார். லிட்டருக்கு 7.82 சென்ட் என்று கலால் வரியை அரசு ஆண்டுக்கணக்காக உயர்த்தாமல் வைத்திருந்தும் அந்தப் பீரைப் பழைய இடத்தில் நிறுத்த முடியவில்லை. தனியார்மயம் ஒரு பண்டத்தைக் கிடைக்கச் செய்யும் என்பது பொதுவாகச் சரி. ஒரு பண்டம் அரசின் கட்டாயத்தால் மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தால், அரசு விலகியதும் அலமாரியிலிருந்து முதலில் காணாமற்போவதும் அதுதான்.

"குலதெய்வம் கோயிலுக்குப் போக வேலூர் பக்கம் சென்றிருந்தேன். டாஸ்மாக்கில் கம்பி வலைக்குள் கையை நுழைத்துப் பணம் கொடுத்தால், கேட்டதைத் தராமல் இருப்பதைத் தருகிறார்கள். அங்கே தனியாருக்குக் கொடுத்தால் சரியாகுமா?" — முதலில் கேள்வி கேட்ட டோங்காட் வாசகர்

"கூலிங் பீர் இருக்கா?" என்று கேட்டு, "இருக்கிறது இதுதான், வேணுமா வேணாமா?" என்ற பதிலை வாங்காமல் திரும்பிய டர்பன்காரர் குறைவு. டாஸ்மாக் 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அதற்கு முன் தனியார்தான் ஏலம் எடுத்து விற்றார்கள். அப்போதும் எந்தச் சரக்கு மாநிலத்துக்குள் வரும் என்பதை முடிவு செய்தது மொத்த விற்பனை நிறுவனமே. ஆகவே சில்லறையை மட்டும் தனியாருக்குத் திருப்பிக் கொடுத்தால் கம்பி வலை போகலாம், கதவு கண்ணாடியாகலாம். உள்ளே நிற்கும் பாட்டில் மாறும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

பக்கத்து மாநிலமான ஆந்திரம் இதற்கு நல்ல பாடம். 2019 அக்டோபரில் ஆந்திர அரசு சில்லறைக் கடைகளைத் தானே எடுத்துக்கொண்டது; பெயர் பெற்ற சரக்குகள் அலமாரியிலிருந்து மறைய, யாரும் கேள்விப்படாத பெயர்கள் வந்து நின்றன. ஆட்சி மாறியபின் 2024 அக்டோபரில் 3,396 கடைகளைக் குலுக்கல் மூலம் தனியாருக்குக் கொடுத்தார்கள்; விண்ணப்பம் ஒன்றுக்குத் திருப்பித் தராத கட்டணம் இரண்டு லட்சம் ரூபாய். பழைய பெயர்கள் திரும்பின. 99 ரூபாய்க்குக் குவார்ட்டரும் வந்தது. அங்கே குவார்ட்டர் என்றால் 180 மில்லி, நம் ஊர் குவார்ட் என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால் இரண்டு காலத்திலும் மொத்த விற்பனை அதே அரசு நிறுவனத்திடம்தான் இருந்தது. சரக்கை மறைத்ததும் திரும்பக் கொண்டுவந்ததும் கொள்முதல் முடிவுகளே.

டெல்லியில் இன்னும் விரைவாக எல்லாம் நடந்து முடிந்தது. 2021 நவம்பர் 17 அன்று நகரை 32 மண்டலங்களாகப் பிரித்து 849 தனியார் கடைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூட்டம் தெருவை அடைத்தது. உரிமக் கட்டணத்தைத் தாங்க முடியாமல் பல மண்டலங்களில் வியாபாரிகள் விலகினார்கள். 2022 செப்டம்பர் முதல் தேதி அரசுக் கடைகள் திரும்பி வந்தன. பத்து மாதங்கள்கூட நிற்காத ஏற்பாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர நான் தயாரில்லை.

"சரக்கு கிடைக்குமா கிடைக்காதா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்களே. எளிதாகக் கிடைப்பதால் வீடுகள் படும் பாடு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?" — வெருலம் வாசகி

நியாயமான கோபம், அம்மா. பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அமெரிக்கா, கனடா, பின்லாந்து, சுவீடன் போன்ற இடங்களில் நடந்த மாற்றங்களை ஆராய்ந்த அறிக்கைகளைத் தொகுத்து, அமெரிக்க அரசின் பொதுச் சுகாதார வழிகாட்டிக் குழு 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டது. தனியார்மயமான மது வகையின் தலைக்கு இத்தனை என்ற விற்பனை, இடைநிலையாக 44 சதவீதம் கூடியது. தனியார்மயமாகாத வகைகளின் விற்பனை ஏறக்குறைய மாறவே இல்லை. அதாவது பிராந்தியைத் திறந்துவிட்டால் பீர் குடிப்பவர் பிராந்திக்கு மாறுகிறார் என்ற சமாதானம் செல்லாது. கூடியது பெரும்பாலும் கூடுதலான குடிதான். சுவீடன் 1955 முதல் ஒரே அரசு நிறுவனத்தின் கடைகளை வைத்திருப்பதும், சனிக்கிழமை மாலைக்கு முன்பே அவற்றைச் சாத்திவிடுவதும் இந்தக் காரணத்தால்தான்.

ஒரேயடியாக மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் 2020-இல் பார்த்தோம். கொரோனா முடக்கத்தில் மார்ச் 27 முதல் மே முடியும்வரை மது விற்பனைக்கு முழுத் தடை. வீட்டிலேயே பீர் காய்ச்ச வாங்கியதால் சந்தையில் அன்னாசிப் பழம் விலையேறியது. குடித்தே பழகாத வீடுகளிலும் வாளியில் ஈஸ்ட் நுரைத்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் அடிதடிக் காயங்களோடு வருவோர் கூட்டம் குறைந்தது என்பதும் உண்மை. கள்ளச் சந்தையில் ஒரு பாட்டிலுக்கு மூன்று மடங்கு கேட்டார்கள் என்பதும் உண்மை. ஜூன் முதல் தேதி கடை திறப்பதற்கு முன் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர்களை நான் என் தெருவிலேயே பார்த்தேன். முகக்கவசம் அணிந்த ஒரு பாட்டி, பேரனுக்காக நிற்பதாக என்னிடம் வலிய வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே 'கிடைக்கும் தன்மை' என்று நான் எழுதும்போது அதை வசதி என்ற பொருளில் மட்டும் எழுதவில்லை. உங்கள் தெருவில் எத்தனை கடை, எத்தனை மணிவரை என்பதை மாகாண உரிம அதிகாரிகள் முடிவு செய்கிறார்கள். புதிய விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் தெரிவிக்கச் சுற்றியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு. பள்ளிக்கும் கோயிலுக்கும் அருகில் கடை கேட்டு அறிவிப்பு வரும்போது, கெடு முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

"டொராண்டோவில் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து மூலைக் கடையில் இப்போது பீர் கிடைக்கிறதாம். அங்கேயும் தனியார்மயம் வந்துவிட்டதா? டிசம்பரில் போகிறேன், அண்ணனுக்குப் பிராந்தி அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா, இங்கிருந்து எடுத்துப் போகவா?" — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பாதி வந்திருக்கிறது. 1927 முதல் மது விற்பனையைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஒன்டாரியோ அரசு, 2024 செப்டம்பர் 5 முதல் மூலைக் கடைகளிலும் பீர், வைன், கலவைப் பானங்களை விற்க அனுமதித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அரசுக் கடை ஊழியர்கள் இதை எதிர்த்து ஜூலையில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். மொத்த விற்பனையை அரசு விடவில்லை. பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றையும் விடவில்லை. பீருக்கு மூலைக் கடை, பிராந்திக்கு அரசுக் கடை. மேலே சாட்ஸ்வர்த் வாசகருக்குச் சொன்ன கனத்தின் கணக்கை ஒன்டாரியோக்காரர்களும் போட்டிருக்கிறார்கள் போலும்.

உங்கள் அண்ணனுக்கு நம் கேப் பிராந்திதான் வேண்டும் என்றால், அரசுக் கடையின் பட்டியலில் அது இருக்கிறதா என்று அவரையே முன்கூட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் இங்கிருந்தே ஒரு பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள். கனடாவுக்குள் பெரியவர் ஒருவர் 1.14 லிட்டர்வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு எடுத்தால் அளவு மீறிவிடும்.